ஈயச்சொம்புக்கு ஆகாத பதக்கம்

சூளகிரிப் பக்கம் இப்போது குதிரையைப் பார்ப்பது அரிது. ஆசைப்பட்டால் ஓசூரில் தயாராகும் வண்டிகளின் எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்கலாம். அங்கே எட்டு, பத்து என்று எண்ணிக் கட்டிவைத்திருக்கிறார்கள். மற்றபடி ஊருக்கு அடையாளம் என்று சொன்னால் பெங்களூர் நெடுஞ்சாலை, கொத்தமல்லி வியாபாரம், சிப்காட், மலைமேல் பாழடைந்த கோட்டை, ஒரே மூச்சில் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் பேரம் பேசுகிற மனிதர்கள். பையன் ‘கம்பெனிக்குப் போறான்’ என்றால் பெண் வீட்டார் முகம் மலரும். பெர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்பது அடுத்த கேள்வி. மலர்ந்த முகம் நிற்குமா வாடுமா என்பது அதற்கான பதிலைப் பொறுத்தது.

இருநூறு வருடத்துக்கு முன்னாலும் இந்தப் பக்கம் கம்பெனி வந்தது. அப்போது ஒரே கம்பெனிதான். தலைமை அலுவலகம் லண்டனில். பெர்மனென்ட், கான்ட்ராக்ட் பேதம் அதற்கும் உண்டு. நன்றாக உழைத்த ஊழியருக்கு நினைவுப் பரிசு கொடுக்கும் வழக்கமும் உண்டு. கடிகாரம், எவர்சில்வர் தட்டு கொடுக்கும் பழக்கமெல்லாம் அன்றைக்கு இல்லாததால் பதக்கம் கொடுத்தார்கள். அந்தப் பதக்கத்தை வாங்கிய ஒரு குதிரைச் சிப்பாயின் கதை இது. அவன் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். கம்பெனியே கேட்கவில்லை, பதக்கத்தில் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது.

ஆள் 19ஆம் லைட் டிராகூன் படையைச் சேர்ந்தவன். 1781இல் இங்கிலாந்தில் திரட்டி, 1782இல் சென்னையில் கொண்டுவந்து இறக்கிய படை. இந்தியாவுக்கு வந்த முதல் பிரிட்டிஷ் அரசாங்கக் குதிரைப்படை என்ற பெருமை அதற்கு உண்டு. பெருமையில் ஒரு சின்னக் குறை: குதிரை வரவில்லை. ஆளைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, குதிரையை அங்கேயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் குதிரை இங்கே வாங்கியது. அது தின்ற கொள்ளு இங்கே விளைந்தது. அதைத் தேய்த்துவிட்ட குதிரைக்காரன் இந்த ஊர் ஆள். அதற்குப் புல்லறுத்துச் சுமந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். மேலே உட்கார்ந்திருந்தவன் மட்டும்தான் இறக்குமதி. பிற்பாடு 1824 வாக்கில் கம்பெனிக்கே இந்தப் பக்கத்துத் தட்பவெப்பம் பிடித்துப்போய், ஓசூர் மத்திகிரியில் படைக் குதிரைகளுக்கென்று ஒரு பெரிய பண்ணையே போட்டது. இன்றைக்கு அது அரசு கால்நடைப் பண்ணை.

நம் ஆள் இங்கே வந்ததற்குக் காரணம் மைசூர். சூளகிரி, பாகலூர், பேரிகை என்று ஆளுக்கொரு மலை வைத்திருந்த பாளையக்காரர்களும், பாராமகால் என்று பொதுப்பெயர் கொண்ட கிருஷ்ணகிரிச் சீமையும் மைசூரின் கைக்குள் இருந்தன. சென்னையிலிருந்து மைசூருக்குப் போக வேண்டுமென்றால் இது ஒரு முக்கியமான வழி. இன்றைக்கும் லாரிக்காரர்களைக் கேட்டால் அதையேதான் சொல்வார்கள்.

முதலில் 1791. கார்ன்வாலிஸ் பிரபு வந்தார். இவர் 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தவர். வாளை ஒப்படைக்கும் நாளில் உடம்புக்கு முடியவில்லை என்று கீழ்த்தளபதியை அனுப்பிவைத்தவர். ஒரு நாட்டைத் தொலைத்தவருக்குத் தண்டனையாக இன்னொரு நாட்டைக் கொடுப்பது அந்தக் கால வழக்கம் போலிருக்கிறது. பெங்களூரை மார்ச்சில் பிடித்தார். அந்தச் சண்டையில் குதிரைப்படைத் தளபதி ஃப்ளாய்டின் கன்னத்தைக் குண்டு துளைத்தது; மனிதர் பிழைத்துக்கொண்டார். (இவருடைய மகள் ஜூலியாவைத்தான் பின்னாளில் பிரதமரான ராபர்ட் பீல் கட்டிக்கொண்டார். கன்னத்தில் தழும்போடு ஒரு மாமனார். பேச்சுவார்த்தை சுருக்கமாக முடிந்திருக்கும், மாமனார் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிடாமல் இருந்திருந்தால்.) மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல் வரை போன கார்ன்வாலிஸ், வண்டி மாடுகள் செத்து, அரிசி தீர்ந்து, தம்முடைய பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் அவர் கைக்கு வந்தன. நவம்பரில் மேக்ஸ்வெல் என்பவர் கிருஷ்ணகிரி மலையில் ஏறப் பார்த்தார். மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். துப்பாக்கியை விட இது சிக்கனம், மருந்து நனையும் கவலையும் இல்லை. மேக்ஸ்வெல் இறங்கிவிட்டார். ஏற முடியாத அந்தக் கோட்டை 1792 உடன்படிக்கையில் ஒரு கையெழுத்தில் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது.

பாராமகாலும் அதோடு வந்தது. அதை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியையும் தாமஸ் மன்றோ என்ற இளைஞரையும் அனுப்பினார்கள். இருவரும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு உழவனையும் தனித்தனியாகப் பிடித்து வரி போட்டார்கள். ரயத்துவாரி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதியிருப்போமே, அது பிறந்த வீடு இதுதான். போரில் சண்டை போட்டவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. வயலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கிஸ்தி கிடைத்தது. யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதில் கம்பெனி கவனமாகவே இருந்திருக்கிறது.

இப்போது 1799. நம் ஆளின் பதக்கத்துக்குக் காரணமான வருடம். ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் பிப்ரவரியில் வேலூரிலிருந்து கிளம்பிய படை, மார்ச் முதல் வாரத்தில் ராயக்கோட்டைக்கு வந்தது. கூடவே நிஜாமின் படை. சண்டை போடுகிறவர்களைப் போல் பல மடங்கு கூட்டம் பின்னால்: சமையல்காரர்கள், வண்ணார், வட்டிக்காரர்கள், பெண்டு பிள்ளைகள், தானியம் சுமந்த லம்பாடிகள், லட்சத்துக்கும் மேலான மாடுகள். இந்தப் பக்கத்து ஏரிகளின் கொள்ளளவு நமக்குத் தெரியும். மார்ச் மாதம் வேறு. லட்சம் மாடு ஒரே நாளில் குனிந்து தண்ணீர் குடித்தால் நிமிரும்போது கரை மட்டும்தான் மிஞ்சும். கேலமங்கலம் வழியாக அந்த ஊர்வலம் மைசூர்ச் சீமைக்குள் நுழைந்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு மைல் நகர்ந்தால் அது நல்ல நாள்.

மார்ச் 27இல் மலவல்லியில் சண்டை. அங்கே குதிரைப்படைக்கு வேலை இருந்தது, செய்தது. அதன் பிறகுதான் சிக்கல். ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரிக்கு நடுவில் இருக்கும் கோட்டை. முற்றுகை என்றால் பள்ளம் தோண்ட வேண்டும், பீரங்கி வைக்க வேண்டும், சுவரை உடைத்து ஏற வேண்டும். குதிரை இதில் எதையும் செய்யாது. சும்மா நின்று கொள்ளு தின்னும். அதே நேரம் முகாமில் அரிசியை அளந்து பார்த்தார்கள். அரை வயிற்றுக்குப் போட்டால்கூட மூன்று வாரம் தாண்டாது என்று தெரிந்தது. முந்தின கணக்குக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவில் போன மூட்டைகள் எங்கே போயின என்பதற்கு ரேஷன் கடை வரிசையில் நின்ற எவரும் பதில் சொல்லிவிடுவார்கள். தன் கூடாரத்துக்குக் காவல் நிற்கும் வெள்ளைக்காரச் சிப்பாயை ஒரு ஆள் தள்ளினாலே விழுந்துவிடுவான் என்று ஹாரிஸே புலம்பியதாகக் கதை உண்டு.

ஆகவே ஏப்ரல் நடுவில், அரிசி வாங்கி வரக் குதிரைப்படையை அனுப்பினார்கள். ஃப்ளாய்டின் தலைமையில் குதிரைப்படையின் பெரும்பகுதி காவேரிபுரம் கணவாயை நோக்கிப் போனது. அங்கே பாராமகாலில் ரீட் திரட்டிய தானியமும் மாடுகளும் வந்து காத்திருந்தன. அவற்றைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் திரும்பியபோது மே மாதம் இரண்டாவது வாரம். கோட்டை மே 4ஆம் தேதியே விழுந்திருந்தது. மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் இறந்து, அடக்கமாகி, அரண்மனை காலியாகி, கொள்ளைப் பொருளை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஆள் அரிசியோடு வந்து நின்றான்.

கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தப் போரில் உருப்படியான வேலை செய்தவன் அவன்தான் என்பது என் கட்சி. பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி நெப்போலியனையே தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லி, அதே ஏப்ரலில் சுல்தான்பேட்டைத் தோப்பில் இரவுத் தாக்குதல் நடத்தப் போய், இருட்டில் வழி தெரியாமல், முழங்காலில் அடி வாங்கித் திரும்பினார். அவருக்கு வரலாறு கிடைத்தது. அரிசி கொண்டுவந்தவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

முதலில் பணம். கொள்ளை மொத்தம் 11 லட்சம் பவுண்டுக்கு மேல். தளபதி ஹாரிஸ் அதில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்: சுமார் 1,43,000 பவுண்டு. இது ரொம்ப அதிகம் என்று கம்பெனியே வழக்குப் போட்டு, கடைசியில் அவர்தான் ஜெயித்தார். கென்ட் மாவட்டத்தில் பெல்மான்ட் என்ற மாளிகையை வாங்கிக்கொண்டு, பிற்பாடு ‘ஸ்ரீரங்கப்பட்டணம் மற்றும் மைசூர்’ என்று நம் ஊர்ப் பெயர்களையே பட்டமாக மாட்டிக்கொண்டு, நிம்மதியாக வயதானார். சாதாரண வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஏறத்தாழ 7 பவுண்டு. நம் கணக்கில் பதினேழு பதினெட்டு வராகன். இந்தியச் சிப்பாய்க்கு 5 பவுண்டு. சுவரில் ஏறிய சிப்பாய்க்கும் ஏறாத தளபதிக்கும் இருக்கும் இந்த விகிதத்தை எந்தத் தொழிற்சங்கமும் அன்றைக்குக் கேட்கவில்லை.

கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லியின் மனக்குறை வேறு. அவருக்கு மார்க்விஸ் பட்டம் கொடுத்தார்கள்; ஆனால் அயர்லாந்துப் பட்டம். இங்கிலாந்துப் பட்டத்தை எதிர்பார்த்திருந்தவர் நொந்துபோய், இரண்டு முறை தங்க முலாம் பூசிய உருளைக்கிழங்கைக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதினார். மூணு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார் என்று யாராவது சொன்னாலும் நம்புவேன். ராயக்கோட்டைத் தக்காளிக்கு விலை விழுந்து சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிற விவசாயியின் துக்கம் எனக்குப் புரியும். முலாம் பூசிய கிழங்கின் துக்கம் பிடிபடவில்லை.

இனி பதக்கம். பர்மிங்காமில் மேத்யூ போல்டன் என்ற தொழிலதிபரின் சோஹோ அச்சாலை, நீராவியால் காசு அடிப்பதில் பேர் வாங்கியிருந்தது. அங்கே கூக்லர் என்ற ஜெர்மானியச் சிற்பி அச்சு வெட்டினார். ஒரு பக்கம் சிங்கம் ஒன்று புலியை மல்லாத்தி அமுக்குகிறது. புலி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சிங்கம் இங்கிலாந்தாம். அந்தத் தீவில் சிங்கம் கூண்டில்தான் உண்டு. இருந்தாலும் கொடியில் போட்டுக்கொண்டால் கேட்க ஆளில்லை. மேலே பறக்கும் கொடியில் அரபு எழுத்து. கீழே தேதி, ரோமானிய எண்ணில். மறுபக்கம் கோட்டைச் சுவரில் ஏறும் படை; அதன் கீழே பாரசீகத்தில் ஒரு வாசகம். அரபு, பாரசீகம், ரோமானிய எண் மூன்றையும் படிக்கத் தெரிந்த குதிரைச் சிப்பாய் அந்தப் படையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தமிழ், தெலுங்கு, கன்னடம் ஒன்றுகூட இல்லாததால் மாட்டியவனுக்கும் புரியாது, எதிரே நின்று பார்த்தவனுக்கும் புரியாது. அந்த வகையில் சமத்துவமான பதக்கம்.

சமத்துவம் அதோடு சரி. உலோகம் ஐந்து வகை. தளபதிகளுக்கும் பெரிய மனிதர்களுக்கும் தங்கம், நூற்றுச்சொச்சம் பேருக்கு. அடுத்த படி அதிகாரிகளுக்கு வெள்ளியில் தங்க முலாம். கேப்டன், லெப்டினன்ட் வகையறாவுக்கு வெள்ளி. ஹவில்தார் மட்டத்துக்கு வெண்கலம். மீதி சுமார் 45,000 பேருக்கு வெள்ளீயம்.

வெள்ளீயம்! நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு எந்த உலோகமோ, அதே உலோகம். அடுப்பில் வைத்து வெறும் சொம்பாகக் காய விட்டால் உருகி அடுப்பில் சொட்டுமே, அதே சாது. இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வட்டு. மாட்டுவதற்கு நாடா கிடையாது. விரும்பினால் நீயே வாங்கிக் கட்டிக்கொள். ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்தால் வீட்டுப் பித்தளைப் பாத்திரம் நாலைந்துக்குப் பூசித் தருவார், ஆனால் ஒரு சொம்பு வார்க்க அக்கம்பக்கத்துச் சிப்பாய்கள் எல்லாரிடமும் வசூலிக்க வேண்டியிருக்கும். வெள்ளீயம் கடும்பனியில் நொறுங்கும், சூட்டில் உருகும், தேய்த்தால் சிங்கத்தின் மூக்கு போய்விடும். ரசத்துக்கு ஏற்ற உலோகம். வீரத்தை ஏன் அதில் வார்த்தார்கள் என்றால், மலிவு.

இன்னொரு நுணுக்கம். சுவரில் ஏறும் காட்சி கொண்ட பதக்கம் குதிரைப்படைக்கும் கிடைத்தது. அந்தச் சுவர் உடைந்த நாளில் அரிசி மூட்டைக்குக் காவலாக எங்கோ காட்டுவழியில் வந்துகொண்டிருந்தவன், தான் ஏறாத சுவரை நெஞ்சில் மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. பதக்கத்தில் ஒரு மாட்டு வண்டியைப் போட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

முடிவெடுத்து, அச்சு வெட்டி, அடித்து, கப்பலேற்றி, அது கைக்கு வந்து சேர 1808 ஆகிவிட்டது. ஒன்பது வருடம். அதே 1808இல்தான் லண்டன் கம்பெனி மாளிகையில் திப்புவின் மரப்புலியைக் காட்சிக்கு வைத்தார்கள். வெள்ளைக்காரன் மேல் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைச் சுற்றினால் உறுமுகிற அந்தப் பொம்மை. பதக்கத்தில் சிங்கம் மேலே, புலி கீழே. பொம்மையில் புலி மேலே, துரை கீழே. இரண்டையும் ஒரே கம்பெனி ஒரே வருடத்தில் ஊருக்குக் காட்டியிருக்கிறது. எந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று குழந்தைகள் கேட்டிருந்தால் பெற்றோர் திணறியிருப்பார்கள்.

அந்த ஒன்பது வருடத்துக்குள் வேறொன்றும் நடந்துவிட்டது. 1806இல் சென்னைப் படையின் சிப்பாய்கள் காதில் கடுக்கன் போடக் கூடாது, நெற்றியில் நாமமோ நீறோ கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தொப்பியை மாட்ட வேண்டும் என்று உத்தரவு. ஜூலை 10 விடிவதற்கு முன்பே வேலூர்க் கோட்டை வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர் செத்தார்கள். செய்தி ஆற்காட்டுக்குப் பறந்தது. அங்கிருந்து கில்லெஸ்பி என்ற கர்னல் குதிரையில் பறந்தார். பின்னாலேயே வந்தது 19ஆம் லைட் டிராகூன். நம் ஆளின் படை. அன்று அவர்களுக்குக் கோட்டை வாசல் திறந்தது, உள்ளே போனார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் அன்றைக்குக் கொல்லப்பட்டார்கள். சுவர் ஓரமாக நிறுத்தி வைத்துச் சுட்டதும் அதில் அடக்கம். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனிக்கும் வரவில்லை போலும். இந்த வேலைக்கு அது பதக்கம் அடிக்கவே இல்லை.

ஆக, காதிலிருந்த தங்கக் கடுக்கனைக் கழற்று என்று 1806இல் சொன்ன கம்பெனி, கழுத்தில் கட்டிக்கொள் என்று 1808இல் ஈய வட்டைக் கொடுத்தது. மிச்சமிருந்த சிப்பாய்கள் வாங்கிக்கொண்டார்கள். வாங்காமல் என்ன செய்வது, வேலை இருக்கிறதே. 19ஆம் படையோ அதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கே போய்விட்டது. பிறகு அதைக் கனடாவுக்கு அனுப்பி அமெரிக்கர்களோடு மோதவிட்டு, 1821இல் ஒரேயடியாகக் கலைத்தும் விட்டார்கள்.

நம் ஆளுக்கு இன்னொரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. 1803 செப்டம்பர் 23, மராட்டியர்களுக்கு எதிரான அசாயி சண்டை. அங்கே 19ஆம் படை நிஜமாகவே பாய்ந்து சண்டை போட்டது. இந்த முறை அரிசி மூட்டை இல்லை. அதற்கான பதக்கம் எப்போது வந்தது என்று நினைக்கிறீர்கள்? 1851இல். நாற்பத்தெட்டு வருடம் கழித்து. 1803 முதல் 1826 வரை இந்தியாவில் நடந்த சண்டைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதக்கம். எந்தச் சண்டை என்று நாடாவில் ஒரு வெள்ளிப் பட்டை. ஒரே நிபந்தனை: உயிரோடு இருக்க வேண்டும். அதிகாரி, சிப்பாய் எல்லாருக்கும் இந்த முறை வெள்ளிதான். ஏன் திடீரென்று இத்தனை தாராளம் என்று யோசித்தால் விடை எளிது. வாங்க வருகிறவர்கள் சொற்பம். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் பதக்கம்தான் செலவானது. இந்தியச் சிப்பாய்களில் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அசாயியில் இருபது வயதில் பாய்ந்தவனுக்கே இப்போது அறுபத்தெட்டு; நம் ஆளுக்கு அதற்கும் மேல். பதக்கத்தில் விக்டோரியா மகாராணியின் தலை. அந்தச் சண்டை நடந்தபோது அந்த அம்மா பிறக்கவே பதினாறு வருடம் இருந்தது. விளிம்பில் முதல் முறையாக அவனுடைய பெயரைப் பொறித்திருந்தார்கள். நாடாவும் கொடுத்தார்கள். எங்கோ ஓர் ஆங்கிலக் கிராமத்துச் சாராயக் கடையில் கிழவன் அதை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் இருந்தவன் அசாயி எங்கே இருக்கிறது என்று கேட்டிருப்பான். கிழவன் தெரியாததைச் சொல்வதை விடத் தெரிந்ததைச் சொல்லலாம் என்று, ராயக்கோட்டை வழியில் லட்சம் மாட்டுக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டே போன கதையை ஆரம்பித்திருப்பான். நடுவில் கொள்ளு விலையும் வந்திருக்கும்.